ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

மதுரையில் வீடு வாங்கி அதைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுகிற மடத்தனத்தை இனியாவது நிறுத்துங்கள். குடும்பம் என்றால் பத்தாம் தேதி ஆனதும் "அஞ்சு நாள் பொறுத்துக்கங்கண்ணே" என்று தலையைச் சொறியும். ரேஷன் கார்டில் உங்கள் கதவு எண்ணைப் போட்டுக்கொள்ளும், பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும், நாலு வருஷத்தில் அந்தத் தெருவே தன்னுடையது என்று நினைக்க ஆரம்பித்துவிடும். தினவாடகைக்காரருக்கு இந்த நோய் கிடையாது. காலை பதினொரு மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விடுவார். மாச வாடகையை நாலைந்து ராத்திரியில் எடுத்துவிடலாம் என்கிறார் தரகர். சித்திரைத் திருவிழா வாரத்தில் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார், சிரிப்பார்.

முதல் வேலை, இருப்பவர்களைக் கிளப்புவது. "பையன் வெளிநாட்டுல இருந்து வர்றான், வீடு வேணும்" என்று சொன்னால் போதும். பையனே இல்லாதவர்களுக்கும் இந்தப் பையன் வருவான். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்லும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் இடைப்பட்ட சந்துகளில் வாடகை வாய்வார்த்தை, ஒத்தி ஐந்து ரூபாய் நோட்டுப்புத்தகத்துத் தாள். காகிதம் இல்லாத குடித்தனத்துக்குச் சட்டம் எங்கே வந்து நிற்கும்? பொதுக்குழாய் வளவில் இருபது வருஷம் பூக்கட்டிப் பிழைத்தவர் வண்டியூர்ப் பக்கமோ திருப்பரங்குன்றம் பக்கமோ போவார். கோயில் பக்கம் பூ விற்க வர இனி பஸ் செலவு தனி.

போனபின் வெள்ளையடியுங்கள். அவர் போட்டுவிட்டுப் போன ஆட்டுக்கல்லைக் கழுவி ஹாலின் மூலையில் வைத்து, குழியில் தண்ணீர் ஊற்றி நாலு செவ்வரளியை மிதக்க விடுங்கள். சுவரில் கோலம் ஸ்டிக்கர். வாசலில் எண்பூட்டு. கட்டிலில் ஒரு முழம் மல்லிகை. 'அசல் மதுரை வாழ்க்கை' என்று விளம்பரம் கொடுங்கள். அசலாக வாழ்ந்தவரைத்தான் அனுப்பியாயிற்றே, இனி எவரும் மறுத்துப் பேசப்போவதில்லை.

இதைவிட நல்ல சரக்கு ஒன்று உண்டு: கோபுரம். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று அரசாணை இருக்கிறது. கோபுரம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. விதியை மதித்தவன் தன் 9 மீட்டரோடு நின்றுவிட்டான். அவன் தலைக்கு மேலே இரண்டு மாடி கூடுதலாக எழுப்பியவன், மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, 'கோபுர தரிசன அறை' என்று வாடகையை ஏற்றுகிறான். எல்லாரும் விதியை மீறியிருந்தால் அவனுக்கு விற்க ஒன்றுமே இருந்திருக்காது. நேர்மையானவர்களின் அடக்கம்தான் அவன் மூலதனம். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் இதற்கு வழக்குகள் நடந்திருக்கின்றன. கட்டடங்களும் நிற்கின்றன.

செலவுக் கணக்குக்கு வருவோம். லாட்ஜ் நடத்துகிறவர் மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம் கட்டுகிறார், பாவம், போர்டு மாட்டிவிட்டார். நீங்கள் போர்டு மாட்டாதீர்கள். மீட்டர் வீட்டு இணைப்பிலேயே இருக்கட்டும். வீட்டில் மின்விசிறி சுற்றட்டும் என்று அரசு தரும் இலவச மின்சாரத்தில் உங்கள் விருந்தினரின் ஏசி ஓடும். சொத்துவரியும் குடியிருப்பு என்றே இருக்கட்டும். மாநகராட்சி கண்டுபிடித்துவிடுமே என்று பயமா? 2025இல் அம்பலமான சொத்துவரி மோசடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளின் கடவுச்சொல்லை வைத்து, கணினியில் கட்டடங்களின் வரியைச் சுருக்கியிருக்கிறார்கள். மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். வரிப் பாக்கிக்காகக் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று தெருவில் ஆட்டோ கட்டிக் கத்தும் ஊரில்தான் இதுவும் நடந்தது.

கையில் காசு குறைவென்றால் தோப்பூருக்குப் போங்கள். 'எய்ம்ஸ் மிக அருகில்' என்று மனை விற்கிறார்கள். நோயாளியோடு வருகிறவர்கள் தங்க அறை கட்டினால் அள்ளலாம் என்கிறார்கள். அடுத்தவன் அப்பாவுக்குப் புற்றுநோய் என்றால் நமக்கு மூன்று வார புக்கிங், இதை ஒரு கண்ணியமான தொழில்போல முகத்தைச் சுளிக்காமல் சொல்லவும் பழகியிருக்கிறார்கள். ஒரே ஒரு சங்கடம். பிரதமர் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார். மனையின் விலை அன்றே எழும்பிவிட்டது, கட்டடம் பல வருஷம் எழும்பவில்லை. 2021 தேர்தலில் அதை ஒற்றைச் செங்கல்லாகக் கையில் தூக்கிக் காட்டியே பிரச்சாரம் செய்தார்கள். 2022இல் சேர்ந்த மாணவர்கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள். எய்ம்ஸே ஒண்டுக்குடித்தனம் இருந்தபோது, அதை நம்பி இங்கே வாடகை அறைக்கு வங்கிக் கடன் வாங்கினவர்கள் இருந்தார்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் என்று ஒன்று உண்டு. 1689 முதல் 1706 வரை ஆட்சிப்பொறுப்பில் இருந்த ராணி வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது. முதலீட்டுப் பயிற்சி இல்லாத அம்மாள். இவ்வளவு முக்கியமான இடத்தில், இத்தனை சதுர அடியை, திருவிழாக் கட்டணம் நிர்ணயிக்காமல் விட்டிருக்கிறார்.

வெளியூரிலும் இதே கதைதான், ஆனால் அங்கே யாரோ ஒருவர் எழுந்து கேட்கிறார். சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமம் எதையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கமாட்டோம் என்று பார்சலோனா நகராட்சி அறிவித்தது. நம் ஊரில் எத்தனை வீடு இப்படி ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கை காட்டுவார்கள்.

கணக்கு எப்போது எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 2024 செப்டம்பர் 12 அதிகாலை, பெரியார் பஸ் நிலையத்துக்கு அருகே கட்ராபாளையம் தெருவில், பெண்கள் தங்கும் விடுதியில் பிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. புகையில் இரண்டு பெண்கள் செத்தார்கள். வேலைக்காக இந்த ஊரை நம்பி வந்து, பழைய கட்டடத்தில் கட்டிலுக்குக் காசு கொடுத்துப் படுத்திருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் ஊரில் உள்ள விடுதிகளில் ஆய்வு தொடங்கியது. அனுமதி உண்டா, படிக்கட்டின் அகலம் என்ன என்று அப்போதுதான் கேட்டார்கள். விடுதிக்காவது சட்டம் இருக்கிறது, வாசலில் போர்டு இருக்கிறது. எண்பூட்டு மாட்டிய சந்து வீட்டுக்கு அதுவும் கிடையாது. உள்ளே இன்று யார் படுத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியாது, தீயணைப்பு வண்டிக்கும் தெரியாது. அந்த வண்டி அந்தச் சந்துக்குள் நுழையவும் முடியாது.

கவலைப்படாதீர்கள், உங்கள் வியாபாரத்துக்கு இதனால் பாதகமில்லை. அறையைக் காலி செய்கிறவர் செல்போனில் நட்சத்திரம் போடுவார். சுத்தமாக இருந்ததா, சொன்னபடி இருந்ததா, சாவி சுலபமாகக் கிடைத்ததா, பதில் சொன்னார்களா, இடம் வசதியா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்பார்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று அதில் கேள்வி இல்லை. ஐந்து நட்சத்திரம் நிச்சயம்.