அழகருக்கும் பிந்தியவர்கள்

மீனாட்சி கல்யாணத்துக்கு மொய் எழுதி, பிந்தி வரும் அழகரையும் எதிர்சேவை செய்து வரவேற்கிற ஊர் மதுரை. அறுபது வயதில் தனித்திருக்கும் அப்பா துணை தேடினால் மட்டும், "இந்த வயசுல எதுக்குப்பா?"

மகளுக்கு வரன் பார்த்தபோது டீக்கடை வரை விசாரித்தவர், இப்போது செல்போனில் "ஹாய் டியர்" என்ற முகத்தை அப்படியே நம்புகிறார். லண்டன் டாக்டராம், அனுப்பிய பரிசு சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம், வரி கட்டணுமாம். கட்டிவிட்டால், அடுத்து அழைக்க வேண்டிய எண் 1930. சைபர் குற்றப் புகாருக்கு.

ஹைதராபாத்தில் 'தோடு நீடா' என்ற அமைப்பு, துணை தேடும் முதியவர்களை நேரிலேயே சந்திக்கவைக்கிறது. இங்கே நாமேதான் தரகர். மறைந்த துணையின் இறப்புச் சான்றிதழையோ விவாகரத்துத் தீர்ப்பையோ கேட்டால் முகம் சுளிக்காதவரை நம்பலாம். வீடு யார் பேரில் என்று முதலில் விசாரிப்பது எப்படியும் பெற்ற மகனாகத்தான் இருக்கும்.