கையை மடக்கினால் கணக்கு வேறு

கேள்வி: எங்கள் ஊர் டென்னிஸ் பந்து மேட்சில் பவுலர் கையை மடக்கி ‘மாங்கா’ எறிந்தால் அம்பயர் உடனே நோ-பால் கொடுக்கிறார். டிவி மேட்சில் மட்டும் ஏன் அம்பயர்கள் சும்மா நிற்கிறார்கள்?
- வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் ஊர் அம்பயர் அடுத்து பேட்டிங் பிடிக்கப் போகிறவராக இருப்பார். அவருக்குச் சந்தேகமே வராது!

விதிப் புத்தகப்படி, எறிந்த பந்துக்கு நோ-பால் கொடுத்து எச்சரிக்க வேண்டும். அதே இன்னிங்ஸில் மறுபடி எறிந்தால் பவுலருக்கு ஓய்வு. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் அம்பயர் டாரல் ஹேர், இலங்கைப் பவுலர் முரளிதரனுக்கு ஏழு முறை நோ-பால் கொடுத்தார். முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது என்று பின்னர் மருத்துவர்கள் விளக்கினார்கள். முழங்கை மடங்கியிருப்பது குற்றமில்லை. கை தோள் உயரத்துக்கு வந்தபின், பந்தை விடுவதற்குள் முழங்கை நிமிர்வதுதான் குற்றம்.

அதையும் 15 டிகிரி வரை ஐ.சி.சி. அனுமதிக்கிறது. ஓடிவந்து வீசுகிறவரின் கையில் 14-ஆ 16-ஆ என்று வெறும் கண்ணால் யார் சொல்ல முடியும்? அதனால் சர்வதேச மேட்சில் பெரும்பாலும் ஆட்டம் முடிந்ததும் புகார் எழுதுகிறார்கள். பவுலர் பரிசோதனைக் கூடத்தில் கேமராக்கள் முன் வீசிக் காட்ட வேண்டும். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திராவிலேயே அப்படி ஒரு கூடம் உண்டு. தேறாவிட்டால் தடை.

முரளி தேறினார், டெஸ்டில் 800 விக்கெட்டும் எடுத்தார். உங்கள் ஊர் பவுலரைப் போரூருக்கு அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள்: பந்து யாருடையது என்று விசாரியுங்கள். அவருடையது என்றால் 90 டிகிரி வரை அனுமதிக்கலாம்!