டிரம்ஸும் திரையும்

எங்கள் சபையில் டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு வரிக்குத் திரை என்று எல்லாம் வந்துவிட்டது. நவீனம் என்ற பெயரில் வேதத்தை விட்டு விலகுகிறோமோ?
— ஒரு வாசகர், அரூர்

150-ஆம் சங்கீதத்தில் எக்காளம், தம்புரு, நடனம், பேரோசைக் கைத்தாளம் எல்லாம் இருக்கின்றன. ஹார்மோனியம்தான் இல்லை! அதை எப்போது வெளியே எடுத்து வைக்கப்போகிறீர்கள்?

இன்று நாம் 'பழைய பாட்டு' என்று உருகும் கீர்த்தனைகள்கூட ஒரு காலத்தில் வம்பான புதுமைதான். 'பெத்லகேம் குறவஞ்சி' தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனை வேண்டாம் என்ற மிஷனரிகளோடு 1820-களில் மல்லுக்கு நின்றார். (மிஷனரிகள் வேதாகமத்தைப் புதிதாக மொழிபெயர்க்கப் போனபோது, அதே சாஸ்திரியார் பழையதே போதும் என்று எதிர்த்தார்.) அவர் விட்டுக்கொடுத்திருந்தால் நம் ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு வறண்டிருக்கும்!

டிரம்ஸ் சத்தம் பிரசங்கத்தை விழுங்கினால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயம். ஆனால் விலகலைத் தேடுகிறவர் பார்க்க வேண்டிய இடம் மேடை அல்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர் எழுப்பினார்களே, அதற்குக் கலாத்தியர் 3:28-இல் எங்கே இடம் இருக்கிறது?