பனிக்கட்டிமேல் ஏறாத மாடு: டேனிஷ் மரபுத்தொடர்களை அம்பத்தூர்த் தமிழாக்குதல் பற்றிய முன்னாய்வு

தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவர்கள் 1845-இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இடையில் 225 ஆண்டுகள். இத்தனை காலமிருந்தும் தங்கள் மரபுத்தொடர்களைத் தமிழாக்கும் பணியை அவர்கள் முடித்துக் கொடுக்கவில்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கரையில் பேரம் பேசப் போர்த்துகீசியம் இருந்தது. 1706 ஜூலையில் டேனிஷ் மன்னர் அனுப்பிவைத்த மதபோதகர் சீகன்பால்கோ பிறப்பால் ஜெர்மானியர். வந்ததும் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715-க்குள் அச்சிட்டும் முடித்தார். டேனிஷ் மொழிக்கு அங்கே செய்ய வேலையே இல்லை.

ஆகவே 1845 முதல் நிலுவையில் கிடக்கும் இப்பணி அம்பத்தூர் ஓ.டி.யில் மீண்டும் தொடங்கப்படுகிறது. தரங்கம்பாடியிலேயே செய்திருக்கலாமே என்பார்கள். ஆய்வுக்கு மாடு மட்டும் போதாது, நெரிசலும் வேண்டும்.

முதல் தொடர்: 'பனிக்கட்டிமேல் மாடு இல்லை.' பதற்றப்பட ஒன்றுமில்லை என்று பொருள். உறைந்த ஏரியில் மாடு ஏறிவிட்டால் வழுக்கும், பனி உடையும், பிறகு ஊரே கூடி இழுக்க வேண்டும். ஏறாதவரை நிம்மதி. அண்டை வீட்டு ஸ்வீடன்காரர்கள், 'அதன் பின்பக்கம் கரையில் இருக்கும்வரை' என்று இதற்கு ஒரு வாலும் சேர்ப்பார்கள்.

இத்தொடரை ஓ.டி.யிலிருந்து ஆவடிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தோம். "ஐஸ் எங்க சார் கீது? மாடு கீது, அதோ," என்று திருமுல்லைவாயல் பக்கம் கையை நீட்டினார். சி.டி.எச். ரோட்டின் நடுத்தடுப்பை ஒட்டி அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. டேனிஷ் மொழியில் மாடு இல்லாமைதான் நிம்மதி. ஆவடி வழித்தடத்தில் மாடு இல்லாத நிலை என்பது வெறும் கோட்பாடு. இல்லாத நிலையின்மேல் மரபுத்தொடர் கட்ட முடியாது. நிம்மதிக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அண்ணனைக் கேட்டோம். "ஒண்ணியும் இல்ல, ஏறிக் குந்து சார்" என்றார். பொருள் நூற்றுக்கு நூறு பொருந்துகிறது. மாடுதான் வெளியே நிற்கிறது.

இங்கிருந்து ஒரு விதி பிறக்கிறது: ஒரு மொழியில் திரியும் மிருகமும் அம்மொழிக்காரர் தெருவில் திரியும் மிருகமும் எதிர்விகிதத்தில் இருக்கும். டென்மார்க்கில் கூழைக்கடா கிடையாது. ஆனால் காற்று பலமாக அடித்தால் 'அரைக் கூழைக்கடா வீசுகிறது' என்பார்கள். சூறாவளியைக் குறிக்கும் சொல்லோடு இயைபு விளையாடியதில் பறவை உள்ளே வந்துவிட்டது. எந்தப் பாதி என்று யாரும் கேட்பதில்லை. புத்தி பிசகியவனுக்கு அங்கே 'பரணில் எலி'. அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைகளில் அவனுக்கு 'மரை கழண்ட கேசு' என்று பெயர். பரணில் எலி இங்கேயும் உண்டு. மெய்யாகவே இருப்பதால் அதை உவமைக்கு விட முடியாது. தமிழில் யானைப் பழமொழிகள் ஏராளமாயிற்றே என்று மறுப்பவர்கள் அம்பத்தூரில் ஒரு யானையைக் காட்டட்டும்.

'ஒட்டகத்தை விழுங்குதல்' என்றால் பிடிக்காததை வேறு வழியின்றி ஏற்றுக்கொள்ளுதல். கூட்டணி ஆட்சிகள் மலிந்த நாடு, ஆகவே அடிக்கடி விழுங்குகிறார்கள். இந்த ஒட்டகம் மத்தேயு சுவிசேஷத்தில் ஏசு பரிசேயரைக் கண்டித்த இடத்திலிருந்து கிளம்பியது. அப்படியானால் சீகன்பால்கோவின் அச்சகம் வழியாக அதே ஒட்டகம் தமிழுக்கும் வந்து சேர்ந்துவிட்டது, அதுவும் டேனிஷ் மன்னரின் தயவில்! ஆனால் சுவிசேஷத்தில் ஒட்டகத்துக்கு முன்னால் வடிகட்டப்படும் ஒரு கொசு உண்டு. டேனிஷ் பேச்சில் பேர்வாங்கியது ஒட்டகம்தான். கொரட்டூர் ஏரிக்கரைவாசி கொசுவுக்கே முன்னுரிமை தருவார்.

'சதுப்பில் ஆந்தை' என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று பொருள். ஆதியில் இது ஓநாயாம். வட்டார உச்சரிப்பில் ஓநாய் ஆந்தையாகக் காதில் விழுந்து, அப்படியே தங்கிவிட்டது. ஆற்றில் இறங்கிய மண்குதிரை உண்மையில் மண்குதிர் என்று வாதிடும் நம் ஆட்களுக்கு டென்மார்க்கில் நல்ல வரவேற்பு இருக்கும்.

சில தொடர்களுக்கு மொழிபெயர்ப்பாளரே தேவையில்லை. டேனிஷ்காரர் அவசரமாக ஓடினால் 'கால்களைப் பிடரியில் போட்டுக்கொண்டு' ஓடுவார். ஆவடி லோக்கல் நகரத் தொடங்கியதும் அம்பத்தூர் நடைமேடையில் பின்னங்கால் பிடரியில் பட ஓடுபவர் செய்வதும் அதுவே. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அங்கே 'வணக்கம் ஐயா, கோடாலிக் காம்பு'. காம்பு செதுக்கிக்கொண்டிருந்த காது கேளாதவரின் கதை அது. இங்கே பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை.

'ஹூகே' என்ற சொல்லைப் பற்றி உலகமே எழுதிவிட்டது. மெழுகுவத்தி ஏற்றினால் வருமாம். மின்வெட்டு நாட்களில் நாமும் ஏற்றினோம், வியர்வைதான் வந்தது.

கடைசியாகக் 'கரடி உதவி': உபகாரமாய்த் தொடங்கி உபத்திரவமாய் முடிவது. தூங்குபவர் முகத்து ஈயை விரட்டக் கரடி கல்லைத் தூக்கிப் போட்ட கதையை லா ஃபோன்டேன் 1678-இல் பிரெஞ்சில் எழுதினார். அக்கதை வந்த தொகுப்புக்கு இந்திய ஞானி பில்பாயிடம் கடன்பட்டதை அவரே ஒப்புக்கொண்டார். பஞ்சதந்திரத்தில் ஈயை வாளால் வெட்டப்போய் அரசனையே வெட்டிய குரங்கு இந்தக் கரடிக்குச் சொந்தக்காரன். எனவே இத்தொடரை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, திரும்பப் பெற்றுக்கொண்டால் போதும். ஒரு சிக்கல்: டென்மார்க்கின் இளையவர்கள் பலர் இப்போது கரடி உதவி என்றால் மிகப் பெரிய உதவி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கரடி பெரியதுதானே! எஸ்டேட்டுக்கு வரும் டேனிஷ் விருந்தினர் எவரேனும் கையைப் பிடித்துக்கொண்டு 'கரடி உதவி செய்தீர்கள்' என்றால், பதில் சொல்வதற்கு முன் அவருக்கு வயது என்ன என்று விசாரித்துக்கொள்ளவும்.