ஃபெயிலானாத்தான் மாத்திரை

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுறது.  

"இன்சூரன்ஸ் இருந்துமா பையன் மாத்திரைக்கு அலையுற? மதுரையில வாங்கி கூரியர்ல போடட்டுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. சாமி சத்தியமா அனுப்பிராதீங்க. கஸ்டம்ஸ்காரன் கூட வச்ச முறுக்கைத் தின்னுட்டு என்னையப் பிடிச்சிட்டுப் போயிருவான். அபின், மார்ஃபினோட இந்த மாத்திரையையும் இந்த ஊர் அரசாங்கம் ஒரே அட்டவணையில வச்சிருக்கு.

உங்க மருமகனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறுன்னு சொல்லி டாக்டரம்மா மாத்திரை எழுதிட்டாங்க. மருந்துக்கடைப் பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, "பிரையர் ஆத்தரைசேஷன் வேணும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. டாக்டர் சீட்டு மட்டும் பத்தாதாம். பிள்ளையை ஒருநாளும் பாக்காத இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன் சரின்னு சொல்லணுமாம்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "முதல்ல விலை கம்மியானதைக் குடுங்க. அது கேக்கலைன்னா நீங்க சொன்னதைத் தாரோம்." இதுக்கு ஸ்டெப் தெரபின்னு பேரு. பிள்ளை பாஸாகணும்னு தேங்காய் உடைச்சவ, இப்ப மாத்திரை ஃபெயிலாகணும்னு வேண்டிக்கிட்டு நிக்கேன். அதைத் தின்னுட்டுப் பிள்ளைக்குச் சோறும் இறங்கலை, தூக்கமும் இல்லை. டாக்டரம்மா 'ஃபெயில்'னு எழுதி அனுப்பினாங்க. ஃபெயிலானது பத்தாது, இன்னும் கொஞ்ச நாள் குடுத்துப் பாருங்கன்னு பதில் வருது. ஃபெயிலாகிறதுலயும் ஃபர்ஸ்ட் கிளாஸ் கேக்கிற தேசம்ணே இது! போன் போட்டா பாட்டுப் போடுறான். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடமாகி, குழம்பு தாளிக்கும்போதும் முணுமுணுக்கேன். ஒரு இடத்துல நிக்காத பிள்ளைக்கு மாத்திரை வாங்க, அவன் ஆத்தா முக்கா மணி நேரம் அசையாம நிக்கணும்.

ஒருவழியா அனுமதி வந்துச்சுன்னா கடையில சரக்கு இல்லை. வருஷத்துக்கு இவ்வளவுதான் தயாரிக்கலாம்னு டி.இ.ஏ.ன்னு போதைப்பொருள் இலாகா கோட்டா வச்சிருக்கு. இதோட பங்காளி மாத்திரை ஆடராலுக்குத் தட்டுப்பாடுன்னு 2022 அக்டோபர்ல மருந்து இலாகா எஃப்.டி.ஏ.வே அறிவிச்சுச்சு. பழைய சீட்டுக்கு மறுபடி தர மாட்டான். ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேணும். நாக்பூர் லைசென்ஸு, ரூமுக்கு நாலு பேரு, இத்தனை கிலோதான் கலவைன்னு பட்டாசு பயராபீஸ்ல நீங்க படுற பாட்டை, நான் இங்க ஒரு டப்பா மாத்திரைக்குப் படுறேன். உங்களுக்காவது தீபாவளி முடிஞ்சா லீவு.

இன்னொரு சங்கதி. இந்த வகை மாத்திரையில பேர்போன ரிட்டலினை 1944-ல சுவிட்சர்லாந்து சீபா கம்பெனியில பனிசோன்னு ஒரு விஞ்ஞானி செஞ்சிருக்காரு. பொண்டாட்டி ரீட்டா பேரையே அதுக்கு வச்சிட்டாங்க. நீங்களும் இத்தனை வருஷமா போர்மேனா இருக்கீங்க, மதினி பேர்ல ஒரு சாட்டைப் பட்டாசாவது உண்டா?

நம்ம ஊர்ல இருந்தா நிம்மதின்னும் சொல்லத் தோணலை. உடம்பு நோய்க்கு உள்ள காப்பீடு மனநோய்க்கும் உண்டுன்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது. முக்கால்வாசி பாலிசி ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் காசுங்குது. உக்கார முடியாததுதான் இவன் வியாதியே, இவனை எங்க கொண்டுபோய்ப் படுக்கப் போடுறது?

குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்க. இது வழிவழியா வர்றது அதிகமாம். எனக்கு உங்க ஞாபகந்தான் வந்துச்சு. சிமெண்ட் ஆலைச் சங்கு கேட்டதும் வகுப்பை விட்டு ஓடுவீங்க, சாயங்காலம் ஐயா புளிய விளாறோட திண்ணையில உக்காந்திருப்பாரு. இது சேட்டை இல்லைன்னு அன்னைக்கு ஒருத்தர் எடுத்துச் சொல்லியிருந்தா, நீங்க பத்தாவதோட நின்னிருக்க மாட்டீங்கண்ணே. விளாறு அடியும் மிச்சமாயிருக்கும்.

அதனால ஃபாரத்துல 'தாய்மாமன்'னு உங்களை எழுதிட்டேன். மதினிகிட்ட மட்டும் இப்போதைக்கு மூச்சு விடாதீங்க. சிலிண்டர் பதிய மறக்கிறதுக்கும், வண்டிச் சாவியைத் தொலைக்கிறதுக்கும் இங்கிலீஷ்ல காரணம் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்னு என்னையத்தான் வைவாங்க.

அன்புத் தங்கச்சி