அண்ணே, பெட்டியைக் குறைங்க!

சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.  

வாட்ஸப்பில் நீங்க அனுப்பின குரல் பதிவைக் கேட்டேன். பாதி உங்க பேச்சு. மீதி, அடுப்படியிலிருந்து மைனி போட்ட திருத்தம். ரெண்டையும் பிரிச்சு எடுத்ததில் தெரிஞ்சது இது: ஜூன் மாசம் அலாஸ்கா போற கப்பலில் இடம் போட்டாச்சு. ஏறுற இடம் வான்கூவர். துறைமுகத்துக்குள்ளே போக பாஸ் யார் எடுப்பான்னு உங்களுக்குக் கவலை. ஆளுக்கு ஒரு கார், பெட்டிக்கு ஒரு கார்னு ரெண்டு வண்டி பிடிக்கணும்னு மைனிக்குக் கவலை. பதிலைக் குரல் பதிவாப் போட்டால் நான் முடிக்கிறதுக்குள்ள அங்கே அடுத்த திருத்தம் ஆரம்பிச்சிரும். அதனால்தான் கடிதம்.

பாஸ் கவலையை முதல்ல விடுங்க. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவருக்குத் துறைமுகம்னாலே நிலக்கரித் தூசி, வரிசையா நிக்கிற கன்டெய்னர் லாரி, கேட்டில் துப்பாக்கியோட சிஐஎஸ்எஃப்காரர்தான் நினைவுக்கு வரும். இங்கே சரக்குக்கு அப்படி இடங்கள் தனியா இருக்கு. ஆள் ஏத்துற கப்பல் வந்து நிக்கிறது ஊருக்கு நட்டநடுவில். ஆபீஸ் கட்டடங்களும் காப்பிக் கடைகளுமா ஒரு தெரு போகும். தெரு முடியிற இடத்தில் கப்பல் நிக்கும். கனடா பிளேஸ்னு பேரு. 1986 உலகக் கண்காட்சிக்காகக் கட்டினது. கூரையில் அஞ்சு வெள்ளைப் பாய் விரிச்ச மாதிரி துணிக் கூடாரம். அதே கட்டடத்தில் மாநாட்டு மண்டபம், ஓட்டல் எல்லாம் உண்டு. மேலே எவனோ கோடீஸ்வரன் மெத்தையில் தூங்குவான். அவனுக்கு நேர் கீழே நாம பெட்டியை உருட்டிக்கிட்டுப் போவோம்.

அலாஸ்கா அமெரிக்காவுக்குச் சொந்தம்னா ஏன் கனடாவில் வந்து ஏறணும்னு கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. 1886ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அயல்நாட்டுக் கொடி கட்டின கப்பல், ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் ஏத்தின ஆளை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்கு நேரே கொண்டுபோய் இறக்கக் கூடாது. இந்தப் பெரிய உல்லாசக் கப்பல்கள் அநேகமா எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடான்னு வெளிநாட்டுக் கொடி கட்டினவை. வான்கூவரில் ஏறினால் சட்டச் சிக்கல் இல்லை. சியாட்டிலில் ஏறினால் நடுவில் ஒரு கனடா துறைமுகத்தைப் பேருக்காவது தொட்டாகணும். அதனால்தான் பல கப்பல்கள் விக்டோரியாவில் ராத்திரி சில மணி நேரம் நின்னு, சாமிக்குக் கும்பிடு போடுற மாதிரிப் போட்டுட்டுக் கிளம்புது. கொரோனா காலத்தில், 2021ல், கனடா கப்பலையே உள்ளே விடலை. அமெரிக்கா சட்டத்தைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கப்பல்களை நேரே அலாஸ்காவுக்கு அனுப்பிருச்சு. அந்தத் தளர்வு அப்படியே நிலைச்சிருமோன்னு வான்கூவர்க்காரர்கள் பட்ட பாடு இருக்கே! அடுத்த நாட்டின் பழைய சட்டத்துக்கு நூறு ஆயுசு கேட்டு வேண்டிக்கிற ஊரை நான் இங்கேதான் பார்த்தேன்.

இனி கார் விஷயம். விமான நிலையத்துக்கு நான் வருவேன், கார் வராது. அங்கிருந்து கப்பல் துறை வரைக்கும் ரயில் இருக்கு. 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்கு முந்தின வருஷம் விட்ட ‘கனடா லைன்’. ஏறி உட்கார்ந்தால் அரை மணிக்குள்ள வாட்டர்ஃபிரன்ட் ஸ்டேஷன். அங்கே இறங்கி நடந்தால் அஞ்சு நிமிஷத்தில் கனடா பிளேஸ். வண்டிக்கு டிரைவர் கிடையாது. அவர் உட்கார வேண்டிய இடத்தில் பயணிக்கு சீட் போட்டிருக்கான். அந்த சீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் அடிச்சுக்கும். போன கோடையில் மாமாவையும் அத்தையையும் இதே மாதிரி ஒரு கப்பலுக்கு ஏத்தி அனுப்பினேன் இல்லையா, மாமா ஒரு ஆறு வயசுப் பயலை முந்திப் போய் அங்கே உட்கார்ந்துட்டார். ரயில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, திடீர்னு சுரங்கத்துக்குள்ள இறங்கினப்போ, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிச்சவரும் அவர்தான்.

டிக்கெட்டுக்குத் தனியாக வரிசை வேண்டாம். வாசல் கேட்டில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஆனால் ஒரு அட்டைக்கு ஒரு ஆள். மாமா தன் அட்டையைத் தட்டிட்டு, பஸ்ஸில் ஏத்துற மாதிரி அத்தையையும் கையைப் பிடிச்சு உள்ளே இழுத்தார். கேட் மூடிக்கிச்சு. மாமா அந்தப் பக்கம், அத்தை இந்தப் பக்கம், பெட்டி நடுவில். பின்னால் நின்ன கூட்டம் ஒரு வார்த்தை சொல்லலை. இந்த ஊர்க்காரர்கள் கோபம் வந்தால் இன்னும் மரியாதையாக நிப்பாங்க. ஆளுக்கொரு அட்டை கொண்டு வாங்க.

விமான நிலையத்திலிருந்து கிளம்பும்போது வழக்கமான கட்டணத்துக்கு மேலே அஞ்சு டாலர் பிடிப்பான். அதே சமயம் விமான நிலையத்தையும் சேர்த்து, அது இருக்கிற தீவுக்குள்ள உள்ள மூணு ஸ்டேஷனுக்கும் இடையில் பயணம் இலவசம். உடனே உங்க மூளை எங்கே ஓடும்னு எனக்குத் தெரியும்: மூணாவது ஸ்டேஷன் வரைக்கும் ஓசியில் போய், இறங்கி, அங்கே புது டிக்கெட் எடுத்தா என்ன? மாமா கேட்டாச்சு. மூணில் எதிலிருந்து தீவை விட்டு வெளியேறினாலும் அந்த அஞ்சு டாலர் உண்டு. நமக்கு முன்னாலேயே ஒருத்தன் யோசிச்சு அடைச்சிருக்கான்.

கப்பல் கிளம்புற அன்னிக்குக் காலையில் வந்து இறங்குற யோசனையை மட்டும் கைவிடுங்க. ரெண்டு நாள் முன்னாலேயே வாங்க. கப்பல் பருவத்தில் துறைக்குப் பக்கத்து ஓட்டல்களில் வாடகை கேட்டால் நெஞ்சு அடைக்கும். நம்ம வீடு இருக்க உங்களுக்கு எதுக்கு ஓட்டல்? இங்கே சர்ரேயிலிருந்தும் டிரைவர் இல்லாத ரயில்தான். அது இன்னும் பழசு, 1986 கண்காட்சிக்காக விட்டது. அதுவும் அதே வாட்டர்ஃபிரன்டில்தான் போய் முடியும்.

அந்த ஸ்டேஷனையே ஒரு சுத்து பார்க்கணும். 1914ல் கட்டின பழைய ரயில் நிலையம். வெளியே பெரிய பெரிய தூண், உள்ளே சுவரின் உச்சியில் மலைக்காட்சி ஓவியங்கள். அங்கிருந்து ‘சீபஸ்’னு ஒரு படகு 1977லேருந்து எதிர்க்கரைக்கு ஓடுது. பன்னிரண்டு நிமிஷப் பயணம், ரயில், பஸ்ஸுக்குத் தட்டுற அதே அட்டைதான். கப்பல் ஏறுறவங்க பலர் இதில் போறதில்லை. எனக்கு அது ஆச்சரியம். உள்ளே ஏறிட்டால் உங்க கப்பல் உங்க கண்ணுக்குத் தெரியாது. தெரியிறதெல்லாம் வராந்தாவும் சாப்பாட்டு மேசையும்தான். முந்தின நாளோ ஏறுற அன்னிக்குக் காலையிலோ சீபஸ்ஸின் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால், மொத்தக் கப்பலும் மாடி மாடியா கண் முன்னால் நகரும். கீழே பக்கவாட்டில் கதவைத் திறந்து வச்சு, ஃபோர்க்லிஃப்ட்டில் சாமான் ஏத்திக்கிட்டிருப்பான். உங்களுக்கு அதைப் பார்த்தாலே பழைய வேலை ஞாபகம் வந்து, ஏத்துறவன் சரியில்லைன்னு குறை சொல்லத் தோணும்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கேஸ்டவுனில் ஒரு நீராவிக் கடிகாரம் இருக்கு. கால் மணிக்கு ஒருதரம் நாலு சின்ன விசில் மெட்டுப் போடும். மணி நிறையும்போது நடுவில் இருக்கிற பெரிய விசில் ஊதி, ஆவி குபுகுபுன்னு வெளியே வரும். சுத்தி நிக்கிற கூட்டம் விக்டோரியா மகாராணி காலத்துப் பொருள்னு நினைச்சுப் படம் எடுக்கும். செஞ்சது 1977ல். அண்ணே, அது உங்களைவிடச் சின்னது. மதியம் 12 மணிக்குக் கனடா பிளேஸ் கூரையிலிருந்து சங்கு ஊதும். தேசிய கீதத்தின் முதல் நாலு சுரம். ராத்திரி 9 மணிக்கு ஸ்டான்லி பார்க்கில் பீரங்கி வெடிக்கும். அது நிஜமாகவே பழசு, 1816ல் வார்த்தது. ஜூனில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறதால், பட்டப்பகலில் குண்டு போட்ட மாதிரி அத்தை பதறிட்டா. மைனிகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க.

ஸ்டான்லி பார்க்குக்கு நகர மத்தியிலிருந்து 19ஆம் நம்பர் பஸ். கால் வலி இல்லைன்னா கடலோரத்திலேயே நடந்தும் போகலாம். பூங்காவைச் சுத்தி ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குக் கடல்சுவர். 1917ல் ஆரம்பிச்சு 1971ல்தான் வேலை முடிஞ்சது. நம்ம ஊர் பால வேலை இழுக்கிறதைப் பத்திப் பேசும்போது இனிமேல் இதையும் சேர்த்துப் பேசுங்க. சைக்கிளுக்குத் தனித் தடம், நடக்கிறவனுக்குத் தனித் தடம். மாமா எதில் நடந்தார்னு சொல்லவே வேண்டாம். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் லயன்ஸ் கேட் தொங்குபாலம். 1938ல் திறந்தது. கின்னஸ் பீர் குடும்பம், எதிர்க்கரையில் வாங்கிப் போட்ட மனைகளை விக்கிறதுக்காகவே பணம் போட்டுக் கட்டினது. மனை விக்க மஞ்சள் கல் நடுறவங்களைத்தான் நாம பார்த்திருக்கோம்; இவன் பாலமே கட்டியிருக்கான். கப்பல் அந்தப் பாலத்துக்கு அடியில் புகுந்துதான் வெளியே போகணும். தண்ணிக்கும் பாலத்துக்கும் 61 மீட்டர்தான் இடைவெளி. இப்போ வர்ற ராட்சதக் கப்பல்கள் சிலதுக்கு அது போதாம, சியாட்டிலிலிருந்து கிளம்புது. உங்க கப்பல் நுழைஞ்சிரும். அந்த நேரம் மேல்தளத்தில் இருங்க. எல்லாரும் தலையைக் குனிவாங்க, நீங்களும் குனிவீங்க.

பூங்காவுக்கு நடந்து போற வழியில், கோல் ஹார்பர் கரையில், ஒரு இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. கோமகத்த மாரு நினைவுச் சின்னம், 2012ல் வச்சது. 1914 மே மாசம் 376 பேரோட, பெரும்பாலும் பஞ்சாபிகள், அந்தக் கப்பல் இந்தத் தண்ணியில்தான் வந்து நின்னுது. இந்தியாவிலிருந்து நிக்காம நேரே வரணும்னு ஒரு விதியைக் காட்டி இறங்க விடலை. ரெண்டு மாசம் கரையைப் பார்த்துக்கிட்டே கிடந்த பிறகு, விரல்விட்டு எண்ணுற சிலர் தவிர மத்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கு எட்டு வருஷம் முந்தித்தான், 1906ல், நம்ம ஊரில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். அவருக்கு என்ன கதி ஆச்சுன்னு தூத்துக்குடிக்காரருக்கு நான் சொல்லணுமா? 2016ல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மாமா அங்கே மட்டும் ஒண்ணும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘காப்பி எங்கேடா கிடைக்கும்?’னார்.

மைனிக்கு மீன் பார்க்கணும்னா கிரான்வில் ஐலண்ட் சந்தை. சின்னஞ்சிறு படகுகள் கொண்டுபோய் விடும். சால்மன் சிவப்புச் சிவப்பா பனிக்கட்டி மேலே அடுக்கி வச்சிருப்பான். மைனி செவுளைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, தயவுசெஞ்சு. சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு சிமென்ட் கலவை ஆலை இன்னும் ஓடுது. அதன் பிரம்மாண்டமான ஆறு கொட்டாரங்களிலும் ராட்சத மனுஷங்களை வரைஞ்சிருக்காங்க. 2014ல் பிரேசிலிலிருந்து வந்த இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி சேர்ந்து வரைஞ்சதாம். சேர்ந்து! நாம ரெண்டு பேரும் வீட்டு வாசல் கேட்டுக்குப் பெயின்ட் அடிச்ச லட்சணம் ஞாபகம் இருக்கா?

கடைசியாக, ஏறுற அன்னிக்கு. ஒரே நாளில் மூணு கப்பல் நின்னால் கனடா பிளேஸ் வாசலில் டாக்சி நகராது. ரயிலில் வந்து நடக்கிறவன் அன்னைக்கு ராஜா. பெரிய பெட்டிகளைக் கீழ்த்தளத்தில் சீட்டுக் கட்டி வாங்கிக்குவாங்க. அது சாயங்காலம் உங்க அறை வாசலுக்கு வந்திரும். மாத்திரை, பாஸ்போர்ட், மாத்துத் துணி கைப்பையில் இருக்கட்டும். அப்புறம் சோதனை, அதுக்கப்புறம் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள். ஆமா, கனடா மண்ணிலேயே அவங்க மேசை போட்டு உட்கார்ந்திருக்காங்க. ‘எங்கே போறீங்க?’ன்னு அதிகாரி கேட்டதுக்கு மாமா, ‘கப்பலுக்குத்தான், வேற எங்கே போக?’ன்னார். நல்லவேளை, தமிழில் சொன்னார்.

பெட்டி கதைக்கு வருவோம். அத்தை கொண்டுவந்த ரைஸ் குக்கரை, சூடாகிற கருவி எதுவும் அறையில் கூடாதுன்னு சொல்லி எடுத்து வச்சுக்கிட்டு ரசீது கொடுத்துட்டாங்க. இஸ்திரிப் பெட்டிக்கும் அதே கதி. ரைஸ் குக்கர் அலாஸ்கா போய், ஒரு பனிமலையைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தது. கப்பலில் சோறு கிடைக்கும் அண்ணே. குழம்புக்குத்தான் உத்தரவாதம் இல்லை. ஒரு ஊறுகாய் பாட்டில் போதும்.

முக்கியமான ஒண்ணு, மறந்துராதீங்க: கனடா விசா மட்டும் இருந்தால் கப்பலில் ஏத்த மாட்டாங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவும் கட்டாயம் வேணும். கப்பல் திரும்பி வான்கூவருக்கே வர்றதால், கனடா விசா பலமுறை நுழையிறதுக்கானதான்னும் பார்த்துக்கோங்க. அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்க மாசக்கணக்கில் ஆகலாம். இந்த வாரமே மனுப் போட்டுட்டு எனக்கு ஒரு தகவல் அனுப்புங்க. குரல் பதிவானாலும் சரி, மைனியின் திருத்தத்தோட வரட்டும்.

ரைஸ் குக்கருக்கு ஒதுக்கின இடத்தில் ஒரு கிலோ மக்ரூன் வையுங்க. நொறுங்காம டப்பாவில் போட்டுக் கொண்டாங்க.

அன்புள்ள
தம்பி