மலை வழிவிட்டது, மீன் விடைபெற்றது

கொரியாவில் கடற்கரை நகரம் என்றால் பூசானைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்குக் காங்நுங். சியோலுக்குக் கிழக்கே, தேபெக் மலைத்தொடர் சரிந்து கடலை நோக்கி இறங்கும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். 2004 ஏப்ரலில், ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, நண்பர்களோடு அங்கே போனேன். இந்த வசந்தத்தில் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அன்றையதையும் இன்றையதையும் சேர்த்து யோசிக்கும்போது ஒன்று உறைக்கிறது. அசையவே அசையாது என்று அன்று தோன்றியவை எல்லாம் விலகிவிட்டன. என்றைக்கும் இருக்கும் என்று நம்பியவைதான் ஆட்டம் கண்டிருக்கின்றன.

அன்றைக்கு வார இறுதி என்பதே ஒன்றரை நாள்தான். பெரிய நிறுவனங்களில் ஐந்து நாள் வேலை வாரம் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு ஜூலையில். சனிக்கிழமை ஆய்வக வேலையை முடித்துவிட்டு, இரவு சோங்ஞாங்னி ரயில் நிலையத்துக்கு ஓடினோம். பூசானுக்கு கேடிஎக்ஸ் அதிவேக ரயில் ஏப்ரல் 1 அன்றுதான் ஓடத் தொடங்கியிருந்தது. காங்நுங் போகிறவர்களுக்கு முகுங்வா இரவு ரயில்தான். மலையைக் குறுக்கே கடக்கத் தண்டவாளம் கிடையாது. தெற்கே ஜெச்சோன் வரை இறங்கி, நிலக்கரிச் சுரங்க ஊர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ ஆறு மணி நேரம் போக வேண்டும். அவித்த முட்டையும் சோடாவும் தள்ளுவண்டியில் வரும். அந்த இரண்டும் இல்லாமல் அன்றைய கொரியர்களுக்கு ரயில் பயணம் நிறையாது.

நள்ளிரவு கடந்து வெகுநேரம் ஆனபின், தோக்யேக்கு முன்னால் ரயில் நின்றது. பிறகு மெல்லப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. மலைச்சரிவு அங்கே அவ்வளவு செங்குத்து. ஹுங்ஜோனிலிருந்து நாஹன்ஜோங் வரை ரயில் பின்பக்கமாக இறங்கி, அங்கே நின்று, மறுபடி முன்பக்கமாகப் புறப்படும். நாட்டிலேயே அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான். பெட்டியில் எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, இருட்டுக்குள் மலை எதிர்த் திசையில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மலையை ரயில் கெஞ்சித்தான் தாண்டுகிறது, இது யாருக்கும் வழிவிடாது என்று அப்போது உறுதியாக நினைத்தேன்.

நூற்றாண்டுகளாக அப்படித்தான் இருந்தது. சியோலையும் காங்நுங்கையும் பிரிப்பது 832 மீட்டர் உயரமுள்ள டேக்வால்யோங் மலைவழி. தொண்ணூற்றொன்பது வளைவு என்று ஊரார் சொல்லும் பாதை. 1504-ல் இங்கே ஓஜுகோன் வீட்டில் பிறந்த ஓவியர் ஷின் சாயிம்தாங், வயதான தாயை விட்டுவிட்டுப் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அந்த உச்சியில் நின்று தாய்வீட்டைத் திரும்பிப் பார்த்துப் பாடிய கவிதை இன்றும் கொரியர்களுக்குத் தெரியும். 50,000 வோன் நோட்டில் இருப்பது அவர் முகம். அதே வீட்டில் பிறந்த மகன், தத்துவ அறிஞர் யுல்கோக், 5,000 வோன் நோட்டில் இருக்கிறார்.

விடியுமுன் ஜோங்டோங்ஜினில் இறங்கினோம். நடைமேடையை ஒட்டியே மணலும் கடலும். 1995-ல் ஒளிபரப்பான 'மணற்கடிகாரம்' தொடரின் ஒரு காட்சியால் நாடு முழுக்கப் பெயர் பெற்ற நிலையம் அது. அந்தத் தொடரின் நாயகி கோ ஹியோன்-ஜோங் பெயரில் நடைமேடையில் ஒரு பைன் மரமே இருக்கிறது. சூரியன் எழுந்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூட எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் அங்கிருந்து காங்நுங் போன பேருந்தில் கடலைக் கம்பிகளுக்கு இடையேதான் பார்த்தேன். கரையோரம் முள்வேலி, சிறிது தூரத்துக்கு ஒரு காவல் கூண்டு, துப்பாக்கியோடு இளம் சிப்பாய்கள். 1996 செப்டம்பர் 18 அதிகாலையில் வட கொரிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இந்தக் கரையில்தான் தரைதட்டியது. முதலில் கண்டு தகவல் கொடுத்தவர் ஒரு டாக்சி ஓட்டுநர். அந்தக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். இந்த வேலியும் இனி நிரந்தரம்தான் என்று எங்களோடு வந்த கொரிய நண்பர் வருத்தத்தோடு சொன்னார்.

அன்று பிற்பகல் கியோங்போ ஏரியைச் சுற்றிச் செர்ரிப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. 1326-ல் எழுந்த கியோங்போதே மண்டபத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிலவு தெரியும் என்பது ஊர் வழக்கு: வானில், கடலில், ஏரியில், மதுக்கிண்ணத்தில், எதிரே இருப்பவர் கண்ணில். சைவம் மட்டுமே சாப்பிடும் நண்பருக்கு சோதாங் கிராமத்தில் வயிறு நிறைந்தது. கடல்நீரை விட்டுத் திரிய வைத்த இளம் டோஃபு, தொட்டுக்கொள்ளச் சோயா சாறு. அன்மோக் கடற்கரையில் காபி எந்திரங்கள் வரிசையாக நின்றன. காரில் வந்தவர்கள் காகிதக் கோப்பையை வாங்கிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி காருக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தார்கள். ஜுமுன்ஜின் சந்தையில் காய்ந்த கணவாய், இருபது கொண்ட கட்டாக, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அந்தக் கடல் வற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த வசந்தத்தில் சியோலில் காலை உணவை முடித்துவிட்டு ரயில் ஏறினோம். டேக்வால்யோங்கின் அடியில் 21 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சுரங்கம். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் காங்நுங் வந்துவிட்டது. 2018 குளிர்கால ஒலிம்பிக்குக்காகப் போட்ட இந்தப் பாதை 2017 டிசம்பரில் திறந்தது. நான் பின்னோக்கி இறங்கிய பாதை அதற்கு முன்பே, 2012-ல், சோலான் சுரங்கம் வந்ததும் ஓய்வு பெற்றுவிட்டது. மலை வழிவிட்டதில் எனக்கு முழு மகிழ்ச்சி. தாய்வீட்டைப் பார்க்க நினைக்கும் பெண் இன்று காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்கு அம்மா எதிரில் உட்காரலாம்.

வேலியும் பல இடங்களில் விலகிவிட்டது. ஜோங்டோங்ஜினை அடுத்த கடலோரத்தில் ராணுவ ரோந்துக்கு மட்டும் இருந்த பாறை வழி 2016-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. மகள் அங்கே எனக்கு முன்னால் ஓடினாள். "அப்பா, இங்க வேலி இருந்துச்சா? எதுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே எனக்குப் பெரிய நிறைவு. அன்மோக்கில் எந்திரங்கள் இருந்த இடத்தில் மாடி மாடியாகக் காபிக் கடைகள். 2002-ல் இங்கே தொடங்கிய டெராரோசா இன்று நாடறிந்த பெயர், 2009 முதல் காபித் திருவிழாவும் நடக்கிறது. சோதாங்கில் டோஃபுவில் ஐஸ்க்ரீம் செய்கிறார்கள். ஜுமுன்ஜின் பக்கம் 'கோப்ளின்' தொடரில் வந்த அலைதடுப்புச் சுவரில் படம் எடுக்க இளைஞர் வரிசை. மகளும் நின்றாள், சிவப்புத் துண்டோடு.

சந்தைக்குள் போனதும்தான் நெஞ்சு கனத்தது. கணவாய்க் கட்டுகள் இருந்தன, உயரம் இல்லை. வயதான கடைக்காரம்மா என் மனைவியிடம் சொன்னார்: "அப்பல்லாம் கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போவாங்கம்மா. இப்ப ஒண்ணு ஒண்ணா எண்ணிக் குடுக்கறேன்." அவர் சொன்னதற்குக் கணக்கும் உண்டு. 2000-களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் கணவாய் பிடித்த நாடு 2023-ல் 25 ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. கடல் சூடேறுகிறது, மீன் கூட்டம் இடம் மாறுகிறது, இருந்ததையும் கணக்கில்லாமல் அள்ளினார்கள்.

கணவாய்க்கு முன்பே போனது மியோங்தே. காட் இனத்து மீன், கொரியர் வீட்டுக் குழம்பிலும் பூசைப் படையலிலும் தவறாத மீன். 1980-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்தது, 2008-ல் பதிவான அளவு பூஜ்யம். டேக்வால்யோங் சரிவில் குளிர்காலம் முழுக்க அதை மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். இரவில் உறைந்து பகலில் இளகி அது மஞ்சளாகக் காயும். அந்தப் பனியும் காற்றும் இன்னும் இருக்கின்றன, தொங்கும் மீன் ரஷ்யாவிலிருந்து வருகிறது. உயிருள்ள மியோங்தே கொண்டுவருபவருக்கு 5 லட்சம் வோன் தருவதாக 2014-ல் துறைமுகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள், வீட்டைவிட்டுப் போன பிள்ளையைத் தேடுவதுபோல.

பூவின் கணக்கும் பிசகிவிட்டது. குறித்து வைத்த மரத்தின் ஒரே கிளையில் மூன்று பூ விரிந்தால்தான் வானிலைத் துறை செர்ரி மலர்ந்ததாக அறிவிக்கும். சியோலில் 2021-ல் அந்த நாள் மார்ச் 24-லேயே வந்துவிட்டது. 1922-ல் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு முந்தி வந்ததில்லை. 2023 ஏப்ரல் 11 அன்று, வறண்ட புயல்காற்றில் பைன் மரம் முறிந்து மின்கம்பியில் விழ, கியோங்போ பக்கம் வீடுகளும் விடுதிகளும் எரிந்தன. காற்றின் வேகத்தில் ஹெலிகாப்டர் எழும்ப முடியவில்லை. நெருப்பு நெருங்க நெருங்க, கியோங்போதேயின் பழைய பெயர்ப்பலகைகளைக் கழற்றி ஓஜுகோனுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். 2025 கோடையில் நகரின் குடிநீரில் பெரும்பகுதியைத் தரும் ஓபோங் நீர்த்தேக்கம் வற்றி, தேசியப் பேரிடர் அறிவிக்கும் நிலை வந்தது. கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊரில் வீட்டுக் குழாயை இறுக்கி மூடினார்கள்.

இதையெல்லாம் சொல்வது பழைய நாள்தான் நல்லது என்று வாதாட அல்ல. முள்வேலி போன ஊர் மேலான ஊர். இரண்டு மணி நேர ரயில் வரம். ஆனால் மனிதர் கட்டியதை மனிதர் மாற்ற ஓர் ஆணையும் பணமும் சில ஆண்டுகளும் போதுமாக இருந்தன. மீனுக்கு அது போதவில்லை. 2016-ல் கொரிய விஞ்ஞானிகள் மியோங்தேயைத் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்து, அதையே மீண்டும் முட்டையிட வைத்தார்கள். குஞ்சுகளைக் கிழக்குக் கடலில் விட்டும் வருகிறார்கள். 2019 முதல் அதைப் பிடிக்கவே தடை. இன்னும் கூட்டம் திரும்பவில்லை, இருந்தும் அவர்கள் நிறுத்தவில்லை.

காங்நுங் போகிறவர்கள் காபிக் கடையோடும் பூவோடும் திரும்பிவிட வேண்டாம். அரை நாள் ஒதுக்கி ஜுமுன்ஜின் சந்தைக்குப் போங்கள். அந்த அம்மாக்களிடம் அன்று கிடைக்கிற மீனை வாங்குங்கள், கிடைக்காத மீனைப் பற்றிக் கேளுங்கள். நாள் முழுக்கச் சொல்ல அவர்களிடம் விஷயம் இருக்கிறது. மலை வழிவிட்டதால் நாம் இவ்வளவு பேர் அங்கே போய்ச் சேர்கிறோம். அந்தக் கடல் எதை இழந்தது என்று தெரிந்துகொண்டு வருவதுதான் நாம் அதற்குக் காட்டக்கூடிய முதல் மரியாதை.